கல்பாக்கத்தைத் தள்ளி வைத்த கால் நூற்றாண்டு

2025 ஜனவரி 15ஆம் தேதி அமெரிக்க வர்த்தகத் துறை தன்னுடைய பட்டியல் ஒன்றிலிருந்து மூன்று இந்தியப் பெயர்களை நீக்கியது. ஒன்று மும்பையில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையம். இன்னொன்று கல்பாக்கத்தில் இருக்கும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். மூன்றாவது இந்தியன் ரேர் எர்த்ஸ். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலைப் பிரிக்கிற ஆலை அவர்களுடையதுதான். நான் வாங்கும் பேப்பரில் இந்தச் செய்தி உள்பக்கத்தில் நாலு வரி வந்தது. பக்கத்திலேயே பொங்கல் கூட்டத்தைப் பற்றி அரைப்பக்கம்.

அந்த நாலு வரிக்குப் பின்னால் கால் நூற்றாண்டுக்கும் மேலான கதை இருக்கிறது. 1998 மே மாதம் பொக்ரானில் குண்டு வெடித்த பிறகு, அந்த வருடம் நவம்பரில் அமெரிக்கா 200க்கும் மேற்பட்ட இந்திய நிறுவனங்களின் பெயர் கொண்ட நீண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 'எண்டிட்டி லிஸ்ட்' என்பார்கள். அதில் பெயர் இருந்தால், அமெரிக்கப் பொருள் எதையும் உங்களுக்கு விற்க அவர்கள் அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். கேட்டாலும் பெரும்பாலும் கிடைக்காது. கல்பாக்கமும் அந்தப் பட்டியலில் இருந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். அப்போது கல்பாக்கம் நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டம். 1997 ஜூலையில் மாவட்டம் பிரிந்தபோது நம் பக்கம் வந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது அந்தப் பக்கம் போனது. கல்பாக்கம் நம் மாவட்டத்தை விட்டுப் போய்விட்டது. அந்தப் பட்டியலை விட்டுப் போக அதற்குப் பிறகும் ஐந்து வருடம் ஆயிற்று.

வங்கியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாதிக்காலம் காஞ்சிபுரத்தில் தறிக் கடன், நகைக் கடன். மீதி சென்னையில் அந்நியச் செலாவணிப் பிரிவில். அணு விஞ்ஞானம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாட்டைத் தள்ளி வைத்தால் அந்த வலி எந்த வழியாக யார் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்பது கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்குக் கொஞ்சம் தெரியும். ஈரான், வடகொரியா என்று தினமும் 'பொருளாதாரத் தடை' செய்தி வரும்போது நம் வயதுக்காரர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். 'நல்லா வேணும்' என்பது ஒன்று. 'தடை போட்டு எவன் அடங்கினான்' என்பது இன்னொன்று. இரண்டும் அரைகுறைப் பேச்சு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

தடை என்றால் என்ன? நம் கிராமங்களில் இருந்த ஊர் விலக்குதான், வேறொன்றுமில்லை. ஒருவன் ஊர்க் கட்டுப்பாட்டை மீறினான் என்று பஞ்சாயத்து முடிவு செய்தால் அவன் வீட்டுக்கு நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது. கடையில் சாமான் கொடுக்க மாட்டார்கள். நாவிதர் போகக் கூடாது, வண்ணார் போகக் கூடாது. நல்லது கெட்டதுக்கு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அந்த வழக்கம் சாதிக் கொடுமைக்கு எப்படியெல்லாம் பயன்பட்டது என்று நாம் பார்த்திருக்கிறோம். சட்டம் அதைக் குற்றம் என்றது நியாயமே. அதில் மூன்று குறைகள் எப்போதும் உண்டு. புகார் சொன்னவரே தீர்ப்பும் சொல்வார். தப்பு செய்தவனை விட அவன் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அதிகம் கஷ்டப்படுவார்கள். கையில் காசு இருப்பவன் பக்கத்து ஊரில் சாமான் வாங்கிக்கொள்வான். இல்லாதவன்தான் காலில் விழுவான். உலக நாடுகளின் தடையிலும் இந்த மூன்று குறைகளும் அப்படியே இருக்கின்றன.

முதலில் நம் கதையை எடுத்துக்கொள்வோம். 1974 மே 18 அன்று பொக்ரானில் முதல் சோதனை நடந்தது. 'அமைதி வழி' என்று நாம் சொன்னோம். ஆனால் அதற்கான புளூட்டோனியம் வந்தது டிராம்பேயில் இருந்த சைரஸ் உலையிலிருந்து. அந்த உலை கனடா கொடுத்தது. அதில் பயன்பட்ட கனநீர் அமெரிக்கா கொடுத்தது. அமைதிக்கு மட்டும் என்று சொல்லித்தான் வாங்கியிருந்தோம். அவர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. கனடா கையை உதறிக்கொண்டு போனது. ராஜஸ்தானில் ராவத்பாட்டாவில் பாதி கட்டிய இரண்டாவது உலையை நம்மவர்களே கட்டி முடிக்க வேண்டியதாயிற்று. அணுப் பொருள் விற்கும் நாடுகள் தங்களுக்குள் ஒரு குழு அமைத்துக்கொண்டதும் அந்தச் சோதனைக்குப் பிறகுதான்.

கல்பாக்கம் வளர்ந்தது இந்தத் தனிமையில்தான். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. வெளிநாட்டு நிறுவனம் பக்கத்தில் நிற்காமல் நம்மவர்களே கட்டிய முதல் அணுமின் நிலையம் அது.

அதே வளாகத்தில் இருக்கும் வேக ஈனுலையின் கதை இன்னும் பாடம். பிரான்சின் ராப்சோடி உலையை மாதிரியாக வைத்து, அவர்கள் உதவியோடு திட்டமிட்டது. அதற்குச் செறிவூட்டிய யுரேனியம் பிரான்சிலிருந்து வர வேண்டும். 1974க்குப் பிறகு வரவில்லை. நம் விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? புளூட்டோனிய கார்பைடும் யுரேனிய கார்பைடும் கலந்து, உலகத்தில் வேறு யாரும் ஓட்டும் எரிபொருளாக வைத்து உலையைத் தொடங்கிப் பார்க்காத ஒரு கலவையைத் தயாரித்தார்கள். 1985 அக்டோபரில் உலை உயிர் பெற்றது. மெச்ச வேண்டிய வேலை, சந்தேகமில்லை.

ஆனால் இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த உலை 40 மெகாவாட் வெப்பசக்திக்கு என்று வடிவமைக்கப்பட்டது. அந்த முழு அளவை அது எட்டியது 2022 மார்ச்சில். தொடங்கி 36 வருடம் கழித்து. எல்லாத் தாமதத்துக்கும் தடையே காரணம் என்று நான் சொல்லவில்லை. கிடைக்க வேண்டிய எரிபொருள் கிடைக்காமல், சின்ன அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டி வந்தது என்பது மட்டும் உண்மை.

இனி 1998. மே 11 புத்த பூர்ணிமா அன்று மூன்று, 13 அன்று இரண்டு என்று ஐந்து சோதனைகள். தெருவில் பட்டாசு வெடித்தது நினைவிருக்கும். உடனே அமெரிக்கா தன் சட்டப்படி தடை போட்டது. ஜப்பான் புதிய கடன்களை நிறுத்தியது. உலக வங்கியில் பல கடன்கள் தள்ளிப் போயின. மே மாத ஆரம்பத்தில் 40 ரூபாய்க்குள் இருந்த டாலர், ஜூனில் 42 ரூபாயைத் தாண்டியது. ஆசிய நெருக்கடி என்ற இன்னொரு காரணமும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் பொக்ரான் தலையில் போட முடியாது. ஆனால் எங்கள் கிளைக்கு வந்த ஜரிகை வியாபாரி ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: 'சார், குண்டு வெடிச்சது ராஜஸ்தான்ல. வெள்ளி, தங்கம் விலை ஏறினா பாவு போட்டுட்டு உட்கார்ந்திருக்கறவன் பிள்ளையார்பாளையத்துல இல்ல இருக்கான்?' அவர் பொருளாதாரம் படித்தவர் இல்லை. ஆனால் தடை என்ற சொல்லுக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

நாம் தப்பித்துக்கொண்டோம். எப்படி? பக்கத்து ஊரில் சாமான் வாங்கக் காசு இருந்தது. 1998 ஆகஸ்டில் ஸ்டேட் பாங்க் 'ரிசர்ஜென்ட் இந்தியா' பத்திரங்களை வெளியிட்டது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் 400 கோடி டாலருக்கும் மேல் போட்டார்கள். அமெரிக்காவில் பிள்ளைகள் இருந்த நம் ஊர்ப் பெற்றோர்கள்கூட வங்கிக்கு வந்து விசாரித்தார்கள். தடை போட்ட நாட்டில் சம்பாதித்த பணமே தடையை மீறி வந்து சேர்ந்தது.

அதே மே மாதம் 28ஆம் தேதி பாகிஸ்தானும் சோதனை நடத்தியது. அன்றைக்கே அந்த அரசு அங்கே வங்கிகளில் இருந்த அந்நியச் செலாவணிக் கணக்குகளை முடக்கிவிட்டது. டாலராகப் போட்ட பணத்தை டாலராக எடுக்க முடியாது. துபாயில் கூலி வேலை செய்து, வீட்டுக்கு அனுப்பி, வங்கியை நம்பிப் போட்ட பணம் அதிலே எவ்வளவு இருந்திருக்கும்! வங்கிக்காரனாக அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எதிரி நாடு என்ற எண்ணம் வரவில்லை. கவுண்டருக்கு வெளியே நின்றிருக்கும் கூட்டம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. தடை போட்டது வாஷிங்டன். சோதனை நடத்தியது இஸ்லாமாபாத். பணம் போனது இவை இரண்டிலும் சம்பந்தப்படாத ஆட்களுக்கு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தடை போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலையிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் விவசாயப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு அளித்துச் சட்டம் போட்டது. பாகிஸ்தானுக்குக் கோதுமை விற்க முடியாமல் அவர்கள் நாட்டு விவசாயிகள் தவித்ததுதான் காரணம். தன் வீட்டுக்கு வலித்தால் கட்டுப்பாடு தளரும். அடுத்த வீட்டு வலிக்குக் கால் நூற்றாண்டும் காத்திருக்கலாம்.

ராக்கெட் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1991 ஜனவரியில் இஸ்ரோ, ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு கிரையோஜெனிக் எஞ்சின் வாங்க ஒப்பந்தம் போட்டது. எஞ்சினோடு தொழில்நுட்பமும் வரும் என்பது பேச்சு. ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவக் கூடாது என்று காரணம் சொல்லி அமெரிக்கா 1992 மே மாதம் இரண்டு நிறுவனங்கள் மீதும் இரண்டு வருடத் தடை போட்டது. கடுங்குளிரில் வைத்த திரவ ஹைட்ரஜனை நிரப்பப் பல மணி நேரம் ஆகும். அவசரத்துக்கு ஏவ வேண்டிய ஏவுகணைக்கு அது உதவாது என்று அப்போதே பலர் சொன்னார்கள். அதே மாதிரி எஞ்சினை நமக்கு விற்க அமெரிக்க நிறுவனம் ஒன்றும் முன்பு விலை சொல்லியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், காரணத்தில் எவ்வளவு பாதுகாப்பு, எவ்வளவு வியாபாரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1993இல் ரஷ்யா பின்வாங்கியது. ஏழு எஞ்சின்கள் மட்டும் கொடுத்தது, செய்முறை கிடையாது.

நம்முடைய சொந்த எஞ்சின் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதனை மேல் சோதனையாக வளர்ந்தது. 2010 ஏப்ரலில் முதல் முயற்சி தோற்றது. 2014 ஜனவரி 5ஆம் தேதி ஜி.எஸ்.எல்.வி. டி-5 வெற்றிகரமாகப் பறந்தது. அதன் திட்ட இயக்குநர் குமரி மாவட்டத்து விவசாயி மகன் கே. சிவன். பெருமைதான். அந்தப் பெருமைக்கு நாம் கொடுத்த விலை இருபது வருடம்.

'தடை போட்டதால்தான் நாம் வளர்ந்தோம், தடை போட்டவனுக்கு நன்றி' என்று சில நண்பர்கள் எழுதுகிறார்கள். மேடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும். சூரத்திலிருந்து ஜரிகை வராமல் ஒரு வருடம் தறி நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெசவாளி தானே ஜரிகை இழுக்கக் கற்றுக்கொண்டால் அது அவன் சாமர்த்தியம். அதற்காக ஜரிகையை நிறுத்தியவனுக்கு மாலை போடுவோமா? அந்த ஒரு வருடத்தில் நெய்யாமல் போன சேலைகளுக்கு யார் கணக்கு வைப்பது? ஒரு விஞ்ஞானியின் வேலைக்காலம் மொத்தமே 35 வருடம். ஏற்கெனவே உலகத்தில் இருக்கிற ஒரு பம்பை, ஒரு வால்வை, ஒரு கணினியை மறுபடி செய்து பார்ப்பதில் அதில் பத்து வருடம் போனால், புதிதாகச் செய்திருக்க வேண்டியது செய்யப்படாமலே போகும். அது எந்தக் கண்காட்சியிலும் தெரியாது.

டாக்டர் ஆர். சிதம்பரத்தை நினைத்துப் பாருங்கள். சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்தவர். இரண்டு பொக்ரான் சோதனைகளிலும் பங்கு உண்டு. 1998இல் அணுசக்திக் கமிஷன் தலைவர். அந்த வருடம் படிகவியல் மாநாட்டுக்காக அமெரிக்கா போக அவருக்கு விசா மறுக்கப்பட்டது. அவர் காலமானது 2025 ஜனவரி 4. பெயர்களை நீக்கப்போகிறோம் என்று அமெரிக்கப் பாதுகாப்பு ஆலோசகர் டெல்லியில் அறிவித்தது ஜனவரி 6. இரண்டு நாள்.

இவ்வளவு சொன்னதால் தடையே கூடாது என்பது என் கட்சி என்று நினைக்க வேண்டாம். பாகிஸ்தானின் ஏ.க்யூ. கான் 2004 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் தோன்றி, அணுத் தொழில்நுட்பத்தை வெளியே கொடுத்ததை ஒப்புக்கொண்டார். ஈரான், லிபியா, வடகொரியா என்று வாடிக்கையாளர் பட்டியல். செறிவூட்டும் இயந்திரத்தின் பாகங்கள் கடையில் வாங்குவதுபோல நாடு விட்டு நாடு போயிருக்கின்றன. இப்படி ஒரு வியாபாரம் நடக்கும்போது உலகம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? ஒரு ஊரில் நாலு பேர் வீட்டில் வெடிமருந்து இருப்பதே ஆபத்து. நாற்பது பேர் வீட்டில் இருந்தால் தீபாவளி ஒன்று போதும். நாலு பேருக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை நாற்பது பேருக்கும் கொடுப்பதல்ல.

எனவே கேள்வி, தடை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எப்படிப்பட்ட தடை என்பதுதான். எனக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, குறி தப்பக் கூடாது. செறிவூட்டும் இயந்திரத்தின் பாகத்தை நிறுத்து, அதை வாங்கித் தரும் தரகன் கணக்கை முடக்கு, சரி. 2017 செப்டம்பரில் வடகொரியா ஆறாவது அணுச் சோதனை நடத்தியபோது ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் என்ன செய்தது தெரியுமா? அந்த நாட்டின் துணி ஏற்றுமதியையும் தடை செய்தது. அரசுக்கு அந்நியச் செலாவணி போகக் கூடாது என்பது நோக்கம். புரிகிறது. ஆனால் துணி என்றால் அதன் பின்னால் தையல் இயந்திரத்தில் குனிந்திருக்கும் பெண்கள் என்று நெசவு ஊரில் இருக்கிற நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தடைக்குப் பிறகும் அந்த நாட்டின் ஏவுகணைகள் பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

இராக்கில் 1990இலிருந்து 13 வருடம் தடை. மருந்துக்கும் பாலுக்கும் மக்கள் அலைந்தார்கள். அங்கே ஐ.நா.வின் மனிதாபிமானப் பணியை நடத்திய டெனிஸ் ஹாலிடே, இதற்கு மேல் இந்த வேலையைச் செய்ய மனம் ஒப்பவில்லை என்று 1998இல் பதவியை விட்டு விலகினார். 2003இல் படை எடுத்துப் போய்த் தேடியபோது, பயமுறுத்திய ஆயுதக் கிடங்கு எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டாவது, வெளியே வருவதற்கான வாசல் எழுதி வைத்திருக்க வேண்டும். ஊர் விலக்கில்கூட அபராதம் கட்டி, கோயிலில் தேங்காய் உடைத்தால் சேர்த்துக்கொள்ளும் முறை இருந்தது. ஈரான் 2015 ஜூலையில் உடன்படிக்கைக்கு ஒப்புக்கொண்டது. சொன்னபடி நடக்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகமை திரும்பத் திரும்ப அறிக்கை கொடுத்தது. தடை ஒரு நாட்டைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டு வந்ததற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2018 மே மாதம் அமெரிக்கா அந்த உடன்படிக்கையை விட்டு வெளியே போய், தடையைத் திரும்பப் போட்டது. அபராதம் கட்டியவனையும் மறுபடி தள்ளி வைத்தால் அடுத்தவன் எதற்கு அபராதம் கட்டுவான்? உடன்படிக்கைப்படி 3.67 சதவீதத்தில் நிற்க வேண்டிய செறிவூட்டல் 2021இல் 60 சதவீதத்துக்குப் போனது. 2025 ஜூனில் குண்டு வீச்சு, செப்டம்பரில் ஐ.நா. தடைகளும் திரும்பி வந்துவிட்டன.

இந்தச் சண்டை நமக்குத் தூரத்தில் இல்லை. மணலி சுத்திகரிப்பு ஆலையின் கதையைக் கேளுங்கள். 1965இல் மதராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கியபோது அதில் பங்குதாரர்கள் மூன்று பேர்: இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ கம்பெனி, ஈரானின் தேசிய எண்ணெய் கம்பெனி. ஆமாம், அமெரிக்கரும் ஈரானியரும் மணலியில் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த காலம் உண்டு. ஈரான் கச்சா எண்ணெயை மனத்தில் வைத்தே அந்த ஆலை கட்டப்பட்டது. அமோகோ பிறகு போய்விட்டது. ஈரானியர்களின் பங்கு இன்றைய சென்னை பெட்ரோலியத்திலும் இருக்கிறது.

தடை எங்கே பிடித்தது? எண்ணெயில் அல்ல, பணத்தில். மணலி வாங்கி டெஹ்ரான் விற்றாலும், விலை டாலரில் என்றால் அந்தக் கணக்கு நியூயார்க் வங்கி வழியாகத்தான் தீரும். அந்த ஒரு வாசலை மூடினால் போதும், கடலில் கப்பலைத் தடுக்கவே வேண்டாம். 2012இல் இதற்கு ஒரு மாற்று வழி கண்டுபிடித்தார்கள். எண்ணெய் விலையில் 45 சதவீதத்தை ரூபாயாகக் கல்கத்தாவில் இருக்கும் யூகோ வங்கியில் போடுவது. அந்த ரூபாயில் ஈரான் நம்மிடம் பாஸ்மதி அரிசி, தேயிலை என்று வாங்கிக்கொள்வது. பண்டமாற்று மாதிரிதான். 2019 மே மாதத்தோடு ஈரான் எண்ணெய் வாங்குவதையே நாம் நிறுத்த வேண்டியதாயிற்று. குற்றம் சாட்டப்பட்டது டெஹ்ரான். பக்கத்தில் வாங்கிக்கொண்டிருந்த சரக்கை விட்டுவிட்டு வேறு கடை தேடியது நாம்.

மூன்றாவது நிபந்தனை, எல்லோருக்கும் ஒரே படி. நம் வீட்டுப் படியால் அளந்து வாங்கி, வேறு படியால் அளந்து கொடுத்தால் ஊர் ஒத்துக்கொள்ளாது. தன்னிடம் ஆயிரக்கணக்கில் அணு ஆயுதம் வைத்திருப்பவர், தன் நண்பன் வைத்திருப்பதைக் கண்டுகொள்ளாதவர், மூன்றாவது ஆளுக்கு மட்டும் உபதேசம் செய்தால் அது எடுபடாது. 1998இல் இதை நாம்தான் உரக்கச் சொன்னோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு உரக்கச் சொன்ன நாம் இன்று எங்கே இருக்கிறோம்? 2005இலேயே பேரழிவு ஆயுதப் பொருள்கள் வெளியே போகாமல் தடுக்கும் சட்டம் போட்டுவிட்டோம். 2008 செப்டம்பரில் அணுப் பொருள் விற்கும் நாடுகளின் குழு நமக்கு விலக்கு கொடுத்தது. 2016 ஜூனில், அன்று கிரையோஜெனிக் எஞ்சினைத் தடுக்கக் காரணம் காட்டிய அதே ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் உறுப்பினர் ஆனோம். அதாவது, தள்ளி வைக்கப்பட்டவன் இன்று பஞ்சாயத்துத் திண்ணையில் ஒரு ஓரத்தில் உட்கார இடம் பெற்றுவிட்டான்.

எனக்குக் கவலை இங்கேதான். திண்ணையில் இடம் கிடைத்தவன் முதலில் மறப்பது வெயிலில் நின்ற நாளைத்தான். நம் அரசின் பிரதிநிதிகள் அந்தக் கூட்டங்களில் கை தூக்கும்போது, இந்தப் பொருளை நிறுத்தினால் எந்த ஆயுதம் நிற்கும், எந்த அடுப்பு அணையும் என்று இரண்டு கேள்வியும் கேட்க வேண்டும். மருந்து, உணவு, துணி, வெளிநாட்டில் வேலை செய்பவன் வீட்டுக்கு அனுப்பும் பணம் ஆகிய நான்கும் தடைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று நாம் அடித்துப் பேச வேண்டும். பேச நமக்குத் தகுதி இருக்கிறது. கல்பாக்கமும் மகேந்திரகிரியும் கொடுத்த தகுதி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் ஊரில் தறியை விட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வேலைக்குப் போகிறார்கள். சிலர் சொந்தமாகவே சின்ன லேத் பட்டறை, பாகம் செய்யும் யூனிட் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கடையும் ஒரு வால்வு சாக்லெட் தொழிற்சாலைக்கும் போகலாம், யுரேனியம் செறிவூட்டும் கூடத்துக்கும் போகலாம். பட்டு நூல் பாவாகப் போகிறதா ஊடையாகப் போகிறதா என்று நூலுக்குத் தெரியாது, நெய்பவனுக்குத் தெரியும். இப்படி இரண்டுக்கும் பயன்படும் பொருள்களுக்கு நம் அரசு 'ஸ்கோமெட்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ளதை ஏற்றுமதி செய்ய அனுமதி வேண்டும்; கடைசியில் யார், எதற்குப் பயன்படுத்தப்போகிறார் என்று எழுதி வாங்க வேண்டும். 'எல்லாம் வெறும் பேப்பர் வேலை, துபாய்க்காரன் கேட்கிறான், அனுப்பு' என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று நம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது பெரியவர்கள் பொறுப்பு. கானின் வியாபாரம் இப்படிப்பட்ட சின்னச் சின்னப் பட்டறைகளின் பில்களில்தான் ஓடியது.

பட்டியலில் பெயர் ஏற ஒரு கையெழுத்து போதும். இறங்க ஒரு தலைமுறை ஆகிறது. நமக்கு இறங்கி வரத் தெம்பு இருந்தது. தெம்பில்லாத ஊர்களில் இன்றைக்கும் யாரோ ஒரு பாட்டி, குண்டையும் பார்க்காமல் ராக்கெட்டையும் பார்க்காமல், மருந்துக் கடையில் 'ஸ்டாக் இல்லை' என்ற பதிலை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பிப் போகிறாள். அடுத்த முறை பேப்பரில் 'தடை' என்ற தலைப்பைப் பார்த்தால், அந்தத் தடையில் மருந்து சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் தேடிப் பாருங்கள். அதை வைத்தே அது ஆயுதத்துக்கு எதிரான தடையா, மக்களுக்கு எதிரான தடையா என்று சொல்லிவிடலாம்.